எழுத்துக்கு ரிப்பன் கட்டுவோம்

மொழி வளர்ச்சியைப் பற்றிப் பேசாத மன்றம் இல்லை. பேசாத ஆண்டு விழாவும் இல்லை. சங்க இலக்கியத்தின் சிறப்பைச் சொல்கிறோம். குறளின் பெருமையைச் சொல்கிறோம். அறிவியல் தமிழ் வேண்டும், ஆட்சித் தமிழ் வேண்டும் என்று முழங்குகிறோம். இவையனைத்தும் வேண்டுவனவே. ஆனால் குறளைப் படிக்கப் போகின்ற கண், முதன் முதலில் எதைப் படித்தது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அது ஒரு யானைப் படத்தைப் படித்திருக்கும். அதன் கீழே இருந்த இரண்டு எழுத்தைப் பிறகு படித்திருக்கும்.

பதினாறு பக்கமுள்ள அந்தப் படநூலைப் பற்றித்தான் இங்கே எழுத வந்தேன். பல்கலைக்கழக மாணவர் மலரில் பாலர் படநூலைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிலர் நகைக்கலாம். நகைக்கட்டும். மைசூரில் வாழும் நம்மவர் பிள்ளைகள் நாளைக்குத் தமிழ் படிப்பார்களா, மாட்டார்களா என்னும் வினாவுக்கு விடை அந்தச் சிறு நூலில்தான் இருக்கிறது என்பது என் துணிபு.

முதலில் நாம் வாழும் ஊரைப் பார்ப்போம். தமிழுக்கு மைசூர் அயலூர் அன்று. இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969ஆம் ஆண்டு இங்கேதான் தோன்றியது. செம்மொழித் தமிழ் ஆய்வு மையம் 2008இல் சென்னைக்குப் போகும் முன், 2006 முதல் அந்நிறுவனத்திலேயே நடைபெற்றது. தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966இல் இந்நகருக்கு வந்தது. தமிழ்நாட்டுக் கோயிற் சுவர்களிலிருந்து எடுத்த மைப்படிகள் நெடுங்காலம் இங்கே காக்கப்பட்டன. ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட தமிழைப் படிக்க விரும்புவோர் இந்நகரத்துக்கு வந்தார்கள். ஆனால் நான்கு வயதுத் தமிழ்ப் பிள்ளை மடியில் வைத்துப் புரட்டுவதற்கு ஒரு தமிழ்ப் படநூல் வேண்டும் என்று நானும் நண்பர் இருவரும் இந்நகரின் கடைத்தெருவில் ஒரு மாலைப்பொழுது முழுதும் அலைந்தோம். ஆங்கிலத்தில் அடுக்கடுக்காக இருந்தன. கன்னடத்தில் சில இருந்தன. தமிழில் ஒன்றும் அகப்படவில்லை. சோழர் காலத்துத் தமிழுக்கு இடம் தந்த ஊரில் மழலைத் தமிழுக்கு ஒரு பலகையில்லை! இந்தக் குறை ஊரின் குறையன்று. கேட்டு வாங்காத நம்முடைய குறை.

இங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். தெருவில் கன்னடம் பேசுகிறார்கள். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் எழுதுகிறார்கள். இதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. பிழைக்க வந்த நாட்டின் மொழியைக் கற்பது கடமை. அது நன்றியும் ஆகும். வருந்த வேண்டியது வேறொன்று. அப்பிள்ளைகளுக்குத் தமிழ் காதில் இருக்கிறது, கண்ணில் இல்லை. பேச்சாக மட்டும் வாழும் மொழி சமையலறைக்குள் சுருங்கி விடும். சோறு, தண்ணீர், தூக்கம், சண்டை, சமாதானம் இவற்றுக்கு மட்டும் பயன்படும் மொழி, அடுத்த தலைமுறையில் அவற்றுக்கும் பயன்படாமற் போகும். பாட்டி எழுதிய கடிதத்தைப் பேத்தி படிக்க முடியாத வீடுகள் இந்நகரில் உண்டு என்பதை நீங்களும் அறிவீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்டை வீட்டுப் பிள்ளைகள் சிலருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது என் வழக்கம். ஒரு நாள் கணக்கு முடிந்ததும் தமிழ் எழுத்துக்கள் சிலவற்றை எழுதிக் காட்டினேன். இரண்டாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி, தன் கன்னடப் பாடப் புத்தகத்தையும் என் தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். “அண்ணா, கன்னட எழுத்தெல்லாம் தலையிலே ரிப்பன் கட்டியிருக்கு. தமிழ் எழுத்து மட்டும் ஏன் கட்டிக்கலே?” என்று கேட்டாள். கன்னட எழுத்துக்களின் உச்சியில் ஒரு சிறு கொக்கி இருக்குமே, அதைத்தான் அவள் ரிப்பன் என்றாள். கன்னடத்தார் அதற்குத் ‘தலெகட்டு’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். தலையில் கட்டியது என்பதுதான் அதன் பொருள். பெரியோர் வைத்த பெயரைச் சிறுமி தானே கண்டுபிடித்து விட்டாள்! நான் ‘க்’ என்று எழுதி, “நம் எழுத்து ரிப்பன் கட்டாது, பொட்டு வைத்துக்கொள்ளும்” என்றேன். அன்று அவள் பதினெட்டு மெய்யெழுத்துக்கும் சிவப்புப் பென்சிலால் பொட்டு வைத்து முடித்த பிறகே வீட்டுக்குப் போனாள்.

குழந்தை எழுத்தை எழுத்தாகப் பார்ப்பதில்லை; படமாகப் பார்க்கிறது. அதற்கு ‘அ’ என்பதும் அணில் என்பதும் இரண்டு படங்கள். இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்தால் ஒன்றின் வழியே மற்றொன்று மனத்தில் பதியும். படநூல் என்பதன் தத்துவம் இவ்வளவுதான்.

இத்தத்துவம் புதிதன்று. ஐரோப்பாவில் பிள்ளைகளுக்கென்றே செய்த முதற் படநூல் என்று போற்றப்படுவது, கொமீனியஸ் என்ற கல்வியாளர் எழுதி 1658இல் நியூரம்பர்க் நகரில் வெளிவந்த ‘ஓர்பிஸ் பிக்டஸ்’ என்னும் நூல். உலகத்தைப் படங்களாகக் காட்டிய அந்நூல் எழுத்தைக் கற்பிக்கத் தொடங்கும்போது விலங்குகளையும் பறவைகளையுமே துணைக்கு அழைத்தது. காகம் கரையும் ஒலிக்கு ஓர் எழுத்து, ஆட்டுக்குட்டி கத்தும் ஒலிக்கு ஓர் எழுத்து என்று அது அரிச்சுவடியைப் பாடும் காடாக்கிற்று. அதைவிட நாம் கவனிக்க வேண்டியது இன்னொன்று: அந்நூல் ஒரு மொழியில் மட்டும் அச்சாகவில்லை. படத்துக்குக் கீழே இலத்தீனும் செருமனும் பக்கம் பக்கமாக நின்றன. படிப்பு மொழியையும் வீட்டு மொழியையும் ஒரே படம் இணைத்தது. தமிழின் அச்சு வரலாறும் ஏறக்குறைய இவ்வாறே தொடங்குகிறது. 1554இல் இலிசுபனில் அச்சான தமிழ்ச் சிறுநூலில் தமிழும் போர்த்துக்கீசியமும் சேர்ந்தே இருந்தன. தமிழ் அங்கே உரோமன் எழுத்தில் நின்றது. ஆகவே இருமொழி நூல் என்றால் தமிழுக்கு இழுக்கு என்று எவரும் எண்ண வேண்டா. அதுவே நம் அச்சின் பிறந்த வீடு.

தமிழ்க் குழந்தை இலக்கியத்துக்குத் தொண்டு செய்தோரை இங்கே நினைவுகூர்தல் கடன். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை குழந்தைக்குப் பாட்டுத் தந்தார். அழ. வள்ளியப்பா வாழ்நாளையே பிள்ளைகளுக்காக ஒப்படைத்தார். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் கண்டார். பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்ட குழந்தைகள் கலைக்களஞ்சியம் 1968 முதல் பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. 1947இல் தோன்றிய ‘அம்புலிமாமா’வின் வண்ணப் படங்களைப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படித்த பாட்டன் பாட்டியர் இன்றும் நம் வீடுகளில் இருக்கின்றனர். மாஸ்கோவிலிருந்து வந்த சோவியத் படநூல்கள் தமிழில், வழவழப்பான தாளில், மலிவான விலையில் கிடைத்தன. 1991இல் அந்நாடு கலைந்ததும் அந்த ஊற்றும் வற்றிப் போயிற்று. பின்னர்ச் சென்னையில் 1994இல் தாரா பதிப்பகமும், 1996இல் தூளிகா பதிப்பகமும் தோன்றின. தாரா வெளியிட்ட மரங்களின் இரவு வாழ்க்கையைப் பற்றிய நூலைப் பற்றி நம் மாணவர் அனைவரும் அறிய வேண்டும். மத்தியப் பிரதேசத்துக் கோண்டுப் பழங்குடி ஓவியர் மூவர் தீட்டிய படங்களைக் கருப்புத் தாளில், திரை அச்சில், கையாலேயே அச்சிட்டுக் கையாலேயே தைத்து உருவாக்கினார்கள். 2006இல் வெளிவந்த அந்நூல் 2008இல் இத்தாலியின் பொலோனியா நகரத்துக் குழந்தை நூற் கண்காட்சியில் பரிசு பெற்றது. கையால் செய்த நூல் ஏழை நூல் என்று எண்ணுவோர் இதனைக் காண்க.

பாட்டுக்குப் பஞ்சமில்லை, கதைக்குப் பஞ்சமில்லை, நல்ல படநூலும் தமிழில் இல்லாமலில்லை. பின் ஏன் மைசூர்க் குழந்தையின் கைக்கு அவை வந்து சேரவில்லை? இங்கே சிறிது அச்சுக்கலையும் சிறிது அறிவியலும் தேவைப்படுகின்றன.

வண்ணப் படத்தை ஒரு கைவில்லையின் கீழ் வைத்துப் பாருங்கள். பச்சை இலையில் பச்சை மை இராது. நீலமும் மஞ்சளுமான நுண்புள்ளிகள் நெருங்கி நிற்கும். செம்மஞ்சள் நிறப் புலியின் உடலில் செம்மஞ்சள் மை இராது. மஞ்சளும் செங்கருநீலச் சாயலுள்ள சிவப்பும் கலந்து கண்ணை ஏமாற்றும். நீலம், சிவப்பு, மஞ்சள், கருப்பு என்ற நான்கு மைகளைக் கொண்டே ஆப்செட் அச்சகத்தார் உலகத்து நிறங்களில் பெரும்பாலானவற்றை உண்டாக்குகின்றனர். நம் கண்ணின் விழித்திரையில் நிறமறியும் கூம்பு உயிரணுக்கள் மூன்று வகையாக இருப்பதனாலேயே இந்த ஏமாற்று வித்தை பலிக்கிறது. பிறந்த குழந்தைக்கு நிறவேறுபாடு தெளிவாகத் தெரியாது. வெளுப்பும் கருப்பும் எதிரெதிராக நின்றால் அதன் கண் நிலைக்கும். நான்கு திங்கள் அளவில் முதன்மையான நிறங்களைப் பிரித்தறியத் தொடங்கிவிடுகிறது. அதாவது பேசுவதற்கு நெடுநாள் முன்னரே குழந்தை நிறத்தைப் படிக்கக் கற்றுக்கொள்கிறது.

நான்கு மைக்கு நான்கு தகடு. தகடு செய்வதற்கும் இயந்திரத்தை ஒழுங்கு செய்வதற்கும் ஆகும் செலவு நூறு படி அடித்தாலும் ஒன்றே, பத்தாயிரம் படி அடித்தாலும் ஒன்றே. ஆகவே படி குறைந்தால் ஒரு நூலின் அடக்க விலை ஏறும்; விலை ஏறினால் வாங்குவோர் குறைவர்; வாங்குவோர் குறைந்தால் படி இன்னும் குறையும். சிறிய சந்தையில் வண்ணப் படநூல் மடிவது இப்படித்தான். இச்சுழலை உடைக்க ஒரு வழி உண்டு. வண்ணப் படத்துக்குரிய மூன்று தகடுகளை அப்படியே வைத்துக்கொண்டு, எழுத்து நிற்கும் கருப்புத் தகட்டை மட்டும் மொழிக்கு மொழி மாற்றினால் போதும். ஒரே யானை பத்து மொழியில் நடக்கும். 1957இல் நிறுவப்பெற்ற தேசியப் புத்தக நிறுவனம், 1969இல் நேரு பால புத்தகாலயம் என்ற வரிசையைத் தொடங்கியபோது, ஒரே கதையை ஒரே படங்களோடு பல மொழிகளில் வெளியிடும் முறையைத்தான் மேற்கொண்டது. தூளிகாவும் இவ்வழியே நடக்கிறது. சளி பிடித்துத் தும்மும் ஒரு யானையின் கதையான அசோக் இராஜகோபாலனின் ‘கஜபதி குலபதி’ தமிழ்ப் பிள்ளைக்கும் கன்னடப் பிள்ளைக்கும் ஒரே தும்மலைத் தும்முகிறது.

இங்கிருந்துதான் என் கருத்து தொடங்குகிறது. கருப்புத் தகட்டை மாற்றுவானேன்? இரண்டு மொழியையும் ஒரே பக்கத்தில் வைத்தால் என்ன? மைசூரில் வாழும் தமிழ்ப் பிள்ளைக்கு வேண்டியது சென்னைப் பிள்ளையின் படநூல் அன்று. தமிழும் கன்னடமும் அருகருகே நிற்கும் படநூல். அந்தப் பிள்ளைக்குக் கன்னட எழுத்து முன்னரே தெரியும். தெரிந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டு தெரியாத எழுத்துக்கு அது தானே தாவும். இரண்டுக்கும் நடுவே படம் பாலமாக நிற்கும்.

விலங்குகளையும் நிறங்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு நூல் செய்வதாக வைத்துக்கொள்வோம். என்ன நேர்கிறது என்று பாருங்கள். கரடி இரு மொழியிலும் கரடியே. நரி இரு மொழியிலும் நரியே. யானை ஆனெ ஆகிறது. ஆமை ஆமெ ஆகிறது. எலி இலி ஆகிறது. குதிரை குதுரெ ஆகிறது. மீன் மீனு ஆகிறது. இவற்றைப் பிள்ளை சிரித்துக்கொண்டே கற்கும். அடுத்த பக்கத்தில் புலி வருகிறது. கன்னடத்தில் அது ஹுலி. பாம்பு வருகிறது, ஹாவு. பன்றி வருகிறது, ஹந்தி. பூ ஹூவு, பால் ஹாலு, பல் ஹல்லு, பசுமை நிறம் ஹசிரு. ஐந்தாறு பக்கம் புரட்டிய பிள்ளை, நாம் சொல்லாமலே ஒரு விதியைக் கண்டுபிடித்து விடும்: நம் வீட்டுப் பகரம் பள்ளிக்கூடத்தில் ஹகரமாகிறது! பழங்கன்னடத்திலும் அது பகரமாகவே இருந்து, இடைக்காலத்தில் மாறிற்று என்று மொழியியலார் கூறுவர். வெள்ளை பிளி ஆவதையும், வில் பில்லு ஆவதையும் பார்த்தால் வகரம் பகரமாகும் விதி புலப்படும். சிவப்புக்குக் கெம்பு என்றும், செவிக்குக் கிவி என்றும் வரும்போது, தமிழில் சகரமாக மாறியது கன்னடத்தில் ககரமாகவே நிலைத்திருப்பது விளங்கும். மயில் மட்டும் நவிலு என்று சற்றுத் தள்ளி நிற்கும், நிற்கட்டும். எல்லா உறவினரும் ஒரே முகத்தோடு இருப்பதில்லை.

நாம் முதுகலை வகுப்பில் படித்து வியக்கும் திராவிட மொழி ஒப்பியலை ஏழு வயதுப் பிள்ளை புலியையும் பாம்பையும் வைத்து விளையாட்டாகக் கற்கும் என்றால், அந்த நூலைச் சிறு நூல் என்று சொல்ல எவருக்கு மனம் வரும்? அதோடு அப்பிள்ளை மற்றொன்றையும் கற்கும். இரு மொழியும் பகை மொழியல்ல, ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதை அது மேடைப் பேச்சால் அன்றி, தன் கண்ணாலேயே அறிந்துகொள்ளும். ஆற்று நீரின் பெயரால் இரு மாநிலத்திலும் மனம் புண்பட்ட காலங்களை நாம் கண்டிருக்கிறோம். அப்புண்ணுக்கு மருந்து எங்கேனும் இருக்குமானால், அது பிள்ளைகளின் புத்தகப் பையில்தான் இருக்கும்.

இனி, படநூலில் எதை வரைவது என்ற கேள்வி. நம் கடைகளில் குவிந்து கிடக்கும் மலிவுப் படநூல்களைப் புரட்டிப் பாருங்கள். வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி, பனிக்கரடி! வெற்று வெள்ளைத் தாளின் நடுவே ஒவ்வொரு விலங்கும் நிற்க இடமின்றி, செய்ய வேலையின்றி நிற்கிறது. பூனையின் கழுத்தில் ஒரு ரிப்பன். கரடியின் காதில் ஒரு ரிப்பன். ரிப்பன் இருந்தால் அது பெண் கரடி என்று பொருளாம்! கரடிக்கு ஏன் ரிப்பன் என்று கேட்ட பிள்ளைக்கு விடை சொல்ல அந்நூலில் ஒரு சொல்லும் இல்லை.

ரிப்பன் கட்டிய விலங்கு நம் நாட்டில் இல்லையா? மாட்டுப் பொங்கலன்று தமிழ்நாட்டுச் சிற்றூருக்குப் போய்ப் பாருங்கள். கொம்புக்கு வண்ணம் பூசி, கழுத்துக்கு மாலையிட்டு, கொம்பு நுனியில் ரிப்பன் கட்டி, மாடு மணமகனைப் போல் வரும். சங்கராந்தி நாளில் மைசூர், மண்டியச் சீமையில் மாடுகளைக் குளிப்பாட்டி அலங்கரித்து, மூட்டிய தீயைத் தாண்டச் செய்வார்கள். ‘கிச்சு ஹாயிசுவது’ என்று அதற்குப் பெயர். தசரா வந்தால் காட்டு முகாம்களிலிருந்து யானைகள் நகருக்குள் வருகின்றன. அவற்றின் நெற்றியிலும் துதிக்கையிலும் காதிலும் பூவும் கொடியுமாக வண்ணம் தீட்டுகிறார்கள். 750 கிலோ எடையுள்ள பொன் அம்பாரியைச் சுமக்கும் பொறுப்பை 2020இல் அபிமன்யு என்ற யானை ஏற்றபோது, அப்பெயரை அறியாத பிள்ளை இவ்வூரில் உண்டா? 1892இல் தொடங்கிய உயிரியற் பூங்கா இருக்கிறது. நம் விடுதிக்கு அருகிலேயே குக்கரஹள்ளி ஏரி இருக்கிறது. கூழைக்கடாவும் நீர்க்காகமும் அங்கே வந்து அமர்கின்றன. பெங்களூருச் சாலையில் சென்னபட்டணம் இருக்கிறது. அரக்குச் சாயம் ஏறிய மரக்குதிரைகளின் மஞ்சளும் சிவப்பும் கண்ணைப் பறிக்கின்றன. ரிப்பன், நிறம், விலங்கு ஆகிய மூன்றும் ஒருசேர உயிரோடு நடமாடும் ஊரில் இருந்துகொண்டு, பனிக்கரடிக்கு ரிப்பன் கட்டிய படத்தைக் காசு கொடுத்து வாங்குகிறோம்!

அயல்நாட்டு விலங்கே கூடாது என்பது என் கட்சியன்று. உலகம் முழுதும் பிள்ளைக்கு உரியது. ஆனால் அருகில் உள்ளதைக் கண்ட பிறகே தொலைவில் உள்ளது விளங்கும். அரிச்சுவடியில் ஒகரத்துக்கு ஒட்டகம் வருகிறது, வரட்டும். ஓகாரத்துக்கு வேலியோரத்து ஓணானும் வருகிறதே, அதற்குத் தலையாட்டக் கற்றுக்கொடுத்த ஓவியர் எத்தனை பேர்?

சொல்லிலும் கவனம் வேண்டும். குழந்தை வீட்டில் ‘நாயி’ என்கிறது. ஏடு ‘நாய்’ என்கிறது. பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையே தமிழில் இருக்கும் இந்த அகழியைப் பெரியவர்களே தாண்டத் தடுமாறுகிறார்கள். படம் அகழியின் மேல் போட்ட பலகை. பிள்ளை தன் சொல்லைச் சொல்லிப் படத்தைத் தொடும். பின்பு ஏட்டுச் சொல்லைப் பார்க்கும். இரண்டும் ஒன்றே என்று தெளியும். ஆகவே முதல் நூல்களில் வாக்கியம் சிறிதாகவும், சொல் வீட்டில் வழங்குவதாகவும் இருத்தல் நலம். புலமையைக் காட்டுவதற்கு வேறு இடங்கள் உண்டு.

இனி மறுப்புகளைப் பார்ப்போம். “கைப்பேசியில் யானை நடக்கிறது, பிளிறுகிறது, தாளில் நிற்கும் யானை எதற்கு?” என்பது ஒன்று. கைப்பேசி யானை தன் விருப்பப்படி ஓடும், பிள்ளைக்காகக் காத்திராது. தாள் யானை காத்திருக்கும். பக்கத்தைத் திருப்பும் விரல் பிள்ளையின் விரல். மீண்டும், மீண்டும், பத்து முறை அதே பக்கத்துக்கு வரலாம். தடவியும் பார்க்கலாம். 1940இல் அமெரிக்காவில் டோரதி குன்ஹார்ட் என்பார் முயல் படத்தின் மேல் மென்மையான பஞ்சுத் துணியை ஒட்டி, பிள்ளைகள் தடவிப் பார்க்கும் நூலொன்று செய்தார். இத்தனை ஆண்டு கழிந்தும் அது விற்பனையில் இருக்கிறது. கண்ணாடித் திரையில் எல்லா விலங்கும் ஒரே வழவழப்பு. அன்றியும் படநூலைப் பிள்ளை தனியே படிப்பதில்லை. ஒரு மடி வேண்டும், ஒரு குரல் வேண்டும். அந்தக் குரலே தாய்மொழி.

“மன்றத்தின் வேலை இலக்கியம், பாலர் பள்ளி நடத்துவதன்று” என்பது மற்றொன்று. நம் பல்கலைக்கழகத்தின் வரலாறே இதற்கு விடை சொல்கிறது. 1956 முதல் 1960 வரை இங்கே துணைவேந்தராக இருந்து, இந்த மானசகங்கோத்திரிக்குப் பெயர் சூட்டிய பெருங்கவி குவெம்பு, எலிகளைக் குழலோசையால் இழுத்துச் சென்றவனின் கதையைக் கன்னடப் பிள்ளைகளுக்காகப் பாடிக் கொடுத்தவர். காவியம் எழுதிய கைக்கு எலிக்கதை எழுதுவது இழிவாகப் படவில்லை. நமக்கு மட்டும் ஏன் இழிவாகப் பட வேண்டும்?

“பணம் எங்கே?” என்பது மூன்றாவது. இதற்கு மட்டும் நேரடியாக விடை கூறுகிறேன். ஆண்டு விழாவில் பொன்னாடைக்கும் மாலைக்கும் செலவிடும் தொகையில் ஒரு பகுதி போதும். பொன்னாடை பெற்றவர் வீட்டில் அதற்கு முன்பே பல பொன்னாடைகள் இருக்கும். படநூல் பெறும் பிள்ளையின் வீட்டில் அதுவே முதல் நூலாக இருக்கும்.

நான் முன்மொழிவது மூன்று செயல்கள்.

முதலாவது, மன்ற அறையில் ஒரு பலகை. தேசியப் புத்தக நிறுவனம், தூளிகா முதலியவற்றின் தமிழ்ப் படநூல்களை வாங்கி அதில் அடுக்குவோம். நகரத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஞாயிறுதோறும் இரவல் தருவோம். நூல் கிழியும். கிழியாத படநூல் படிக்கப்படாத படநூல். அதற்கு அஞ்ச வேண்டா.

இரண்டாவது, மொழிபெயர்ப்பு. பெங்களூரில் 2004இல் தோன்றிய பிரதம் புக்ஸ் நிறுவனம், 2015இல் ‘ஸ்டோரிவீவர்’ என்னும் இணையக் களஞ்சியத்தைத் திறந்தது. அதிலுள்ள படக்கதைகளை, உரியவர் பெயரைக் குறிப்பிட்டு, எவரும் மொழிபெயர்க்கலாம், அச்சிடவும் செய்யலாம். கன்னடம் படிக்கத் தெரிந்த தமிழ் மாணவர் நம்முள் எத்தனை பேர்! திங்களுக்கு ஒரு கதையைக் கன்னடத்திலிருந்து தமிழுக்கும், ஒன்றைத் தமிழிலிருந்து கன்னடத்துக்கும் ஆக்கினால், இரு மொழிக்கும் கடன் தீர்ந்தவர் ஆவோம். கன்னட நண்பர்களையும் அழைப்போம். பிழை திருத்த அவர்களைவிட நல்லவர் யார்?

மூன்றாவது, நாமே செய்யும் நூல். தடித்த அட்டைகள் எட்டு. இரு புறமும் பதினாறு பக்கம். பக்கத்துக்கு ஒரு விலங்கு, ஒரு நிறம், இரண்டு மொழி. வரையத் தெரிந்தவர் வரையட்டும். விலங்கியல் மாணவர் கால் எத்தனை, வால் எவ்வளவு என்று பார்த்துத் திருத்தட்டும். இயற்பியல் மாணவர் நிறத்தைச் சரிபார்க்கட்டும். தமிழ் மாணவரும் கன்னட மாணவரும் எழுத்தைச் சரிபார்க்கட்டும். அட்டையின் ஓரத்தில் இரண்டு துளையிட்டு, கம்பிக்குப் பதிலாக ரிப்பனைக் கோத்துக் கட்டுவோம். கம்பி பிள்ளையின் விரலைக் குத்தும், ரிப்பன் குத்தாது. பக்கம் ஒன்று கிழிந்தால் அவிழ்த்துப் புதுப் பக்கம் சேர்க்கலாம். அடுத்த தெருவில் புதிதாக ஓர் ஓணானைக் கண்டால் அதற்கும் ஒரு பக்கம் கூட்டலாம். சென்னையில் ரிப்பன் மாளிகை என்று ஒன்று உண்டு. ரிப்பன் பிரபுவின் பெயர் தாங்கியது. அதில் ஒரு ரிப்பனும் இல்லை. நம் நூலில் உண்மையான ரிப்பனே இருக்கும்.

இது பெரிய திட்டம் அன்று. நூறு பேர் கூடிய மன்றத்தில் பத்துப் பேர் முன்வந்தால் வரும் தசரா விடுமுறைக்குள் பன்னிரண்டு நூல்கள் முடியும். பன்னிரண்டு நூல், பன்னிரண்டு வீடு. அவ்வீடுகளில் ஒன்றிலாவது ஒரு பிள்ளை பாட்டியின் கடிதத்தை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டால், நாம் நடத்திய சொற்பொழிவுகள் எல்லாவற்றையும்விட அது பெரிது.

நண்பர்களே, மொழியைக் காப்போம் என்று முழங்குவது எளிது. மொழி முழக்கத்தால் வாழ்வதில்லை, படிப்பவரால் வாழ்கிறது. படிப்பவர் வானிலிருந்து குதிப்பதில்லை. யானைப் படத்தை விரலால் தொட்டு, ‘யா’ என்று வாயைத் திறக்கும் பிள்ளையே நாளைய படிப்பாளி. வரும் செயற்குழுக் கூட்டத்தில் இம்மூன்று செயலையும் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். கத்தரிக்கோலும் அட்டையும் நான் கொண்டுவருகிறேன். ரிப்பனை நீங்கள் கொண்டு வாருங்கள். என்ன நிறம் என்பதைப் பிள்ளைகள் சொல்லட்டும்.